ஐபி முகவரியில் முன்னால் பூச்சியம் போட்டால் வேறு மெஷினுக்குப் போகிறதே, ஏன்?

உவர்மலை வாசன்

வணக்கம். உப்புவெளிப் பக்கம் ஒரு தங்குமிடத்தின் நெட்வேர்க்கை இப்போது நான்தான் பார்க்கிறேன். எனக்கு முன் இருந்தவர் கமராக்களின் முகவரிகளை ஒரு எக்செல் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பத்தி நேராக நிற்க வேண்டுமென்று எல்லாவற்றையும் மூன்று மூன்று இலக்கமாக்கி எழுதியிருக்கிறார்: 192.168.010.020, 192.168.010.021 இப்படி. பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது.

ஆனால் லினக்ஸில் அதை அப்படியே எடுத்துப் பிங் (மெஷின் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் 192.168.8.16 என்று எங்கேயோ போகிறது. பதில் இல்லை. 192.168.10.20 என்று அடித்தால் கமரா உடனே பதில் சொல்கிறது. அதைவிட வேடிக்கை, 089 என்று முடிகிற முகவரிக்கு "இப்படி ஒரு பெயரே இல்லை" என்கிறது.

எண்ணுக்கு முன்னால் வரும் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை என்றுதானே சின்ன வகுப்பிலிருந்து படித்தோம்? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ரவுட்டரில் ஒரு 0.0.0.0, சர்வர் செட்டிங்கில் இன்னொரு 0.0.0.0. இரண்டும் ஒன்றுதானா?

கிண்ணியா நெட்

கமராவில் பிழை இல்லை வாசன், எழுதிய விதத்தில்தான். எண்ணுக்கு முன்னால் பூச்சியம் வந்தால் அதை எண்ம எண்ணாக, அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக, எடுப்பது சி மொழியின் பழைய வழக்கம். ஐபி முகவரியை வாசிக்கும் பழைய யுனிக்ஸ் செயற்கூறு அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டது. ஆகவே 010 என்றால் எட்டு, 020 என்றால் பதினாறு. 192.168.8.16 வந்தது அப்படித்தான். எண்மத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. அதனால் 089 எண்ணாக ஏற்கப்படவில்லை. எண் இல்லையென்றால் பெயராக இருக்கும் என்று நினைத்து, பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் போய்க் கேட்டிருக்கிறது. அங்கேயும் அப்படி ஒரு பெயர் இல்லை.

அந்தச் செயற்கூறு இன்னும் பல கூத்துகளைச் செய்யும். பிங் 127.1 என்று அடித்துப் பாருங்கள், 127.0.0.1 இடமிருந்து, அதாவது உங்கள் மெஷினிடமிருந்தே, பதில் வரும். விட்ட இடங்களைப் பூச்சியமாக நிரப்பிக்கொள்கிறது.

இது வெறும் தலையிடி மட்டுமில்லை, பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. 2021இல் பைதன் என்ற நிரல் மொழியில் இதே விடயம் ஒரு ஓட்டையாகப் பதிவானது. முகவரியைச் சோதிக்கும் பகுதி 010ஐப் பத்து என்று வாசிக்கும், இணைப்பை எடுக்கும் பகுதி எட்டு என்று வாசிக்கும். வாசலில் நிற்பவர் ஒரு ஆளைப் பார்த்து உள்ளே விடுகிறார், உள்ளே போவது வேறு ஆள். 3.9.5 பதிப்பிலிருந்து முன்பூச்சியம் உள்ள முகவரியை அது ஏற்பதே இல்லை. என் கணக்கில் அதுதான் சரியான முடிவு. இரண்டு பொருள் வரக்கூடியதை ஊகிப்பதை விட மறுப்பது நல்லது.

மற்ற 0.0.0.0 கதையை இரவு எழுதுகிறேன், இப்போது டவுனில் வேலையில் நிற்கிறேன்.

உவர்மலை வாசன்

நன்றி நானா. எக்செல் தாளில் முன்பூச்சியங்களை எடுத்துவிட்டேன், எல்லாக் கமராவும் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. என்னுடைய பிரச்சினை முடிந்தது. மற்றக் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொன்னால் போதும்.

தம்பலகாமம் வயல்

எக்செல் தாளா? அதே எக்செல்தான் எங்கள் சங்கத்து ஆட்களின் தொலைபேசி எண்களில் 026இன் முன்பூச்சியத்தைத் தின்றுவிடுகிறது. திருகோணமலை முழுக்க 26 ஆகிவிட்டது. ஒரு இடத்தில் தேவையில்லாத பூச்சியத்துக்குப் பொருள் கொடுக்கிறார்கள், இன்னொரு இடத்தில் தேவையான பூச்சியத்தை எறிகிறார்கள்.

கிண்ணியா நெட்

தொலைபேசி எண் எண்ணே இல்லை தம்பி, இலக்கங்களால் ஆன பெயர். இரண்டு தொலைபேசி எண்களை யாராவது கூட்டுவார்களா? அந்தப் பத்தியை எழுத்து வகைக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். பழைய ஒன்பது இலக்க எண்ணைப் பன்னிரண்டு இலக்கமாக மாற்றும்போது ஆண்டுக்கு முன்னால் 19 சேர்வது எல்லோருக்கும் தெரியும். நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியமும் நுழைகிறது, அதைக் கவனித்தவர்கள் குறைவு. தொடர் எண்ணுக்கு மூன்று இடம் இருந்தது நான்கானது. அந்த இடத்தைப் பிடித்து வைக்கத்தான் அந்தப் பூச்சியம்.

கோணேசபுரி பெஞ்ச்

நான் கம்பஸில் முதலாம் வருடம், கணினி விஞ்ஞானம். இழை பூச்சியத்தைப் பற்றியது என்பதால் கேட்கிறேன். பட்டியலின் முதல் உறுப்புக்கு ஏன் 0? லெக்சரர் "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதலாவது என்றால் ஒன்றுதானே?

நிலாவெளி நிரல்

"அது அப்படித்தான்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது தம்பி. ஃபோர்ட்ரான் ஒன்றில் தொடங்கும். மெட்லேப், ஆர், லுவா, ஜூலியா எல்லாம் ஒன்றில்தான். பாஸ்கலில் நீங்கள் விரும்பிய எண்ணில் தொடங்கலாம். சி, ஜாவா, பைதன் பூச்சியத்தில். ஆக இது இயற்கை விதி கிடையாது, எடுத்துக்கொண்ட முடிவு.

சி மொழியில் அதற்கு நேரடிக் காரணம் உண்டு. பட்டியலின் பெயர் என்பது அது தொடங்கும் நினைவக முகவரி. அடைப்புக்குள் நீங்கள் போடும் எண், தொடக்கத்திலிருந்து எத்தனை உறுப்பைத் தாண்ட வேண்டும் என்பது. முதலாவது உறுப்பைப் பிடிக்க எதையும் தாண்டத் தேவையில்லை. கொழும்பிலிருந்து இங்கே வரும் வீதியில் உள்ள கிலோமீற்றர்க் கல்லைப் போல எடுங்கள். கல்லில் உள்ள எண் எத்தனையாவது கல் என்று சொல்வதில்லை, எவ்வளவு தூரம் வந்தாயிற்று என்றுதான் சொல்கிறது. முதலாவது கிலோமீற்றர் முழுவதும் 0க்கும் 1க்கும் நடுவில்தான் கிடக்கிறது.

இன்னொரு காரணத்தைக் கணினி விஞ்ஞானி டெய்க்ஸ்ட்ரா 1982இல் கையால் எழுதிய ஒரு சிறு குறிப்பில் சொன்னார். 2 முதல் 12 வரையான எண்களை எப்படிக் குறிப்பது? "2இலிருந்து, 13க்கு முன்வரை" என்று எழுதினால் 13இலிருந்து 2ஐக் கழித்ததும் எத்தனை எண்கள் என்பது வந்துவிடும்: பதினொன்று. அடுத்த தொடர் 13இல் தொடங்கும், இடையில் ஒன்று கூட்டுவதும் குறைப்பதும் இல்லை. இந்த முறையை ஏற்றுக்கொண்டால் N உறுப்புகளுக்கு "0இலிருந்து N வரை" என்பது "1இலிருந்து N+1 வரை" என்பதை விட அழகு. பைதனின் ரேஞ்ச் அப்படியே இதுதான்.

எனக்கென்றால் முதலாவது காரணம்தான் வரலாறு, இரண்டாவது பிறகு வந்த நியாயம். ஆனால் நியாயம் நல்ல நியாயம்.

கணக்கு மிஸ்

உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பித்தவள் என்ற முறையில் இதில் தலையிடாமல் இருக்க முடியவில்லை.

தம்பி கேட்ட கேள்வியில் இரண்டு வகை எண் கலந்திருக்கிறது. "எத்தனை" என்ற கேள்விக்கு வரும் எண் ஒன்று, "எங்கே" என்ற கேள்விக்கு வரும் எண் இன்னொன்று. எத்தனை மாம்பழம் என்றால் 0 என்பது இல்லை என்று பொருள். எங்கே என்றால் 0 என்பது நாம் அளக்கத் தொடங்கிய இடம், அங்கே தாராளமாக ஏதாவது இருக்கலாம். பட்டியலின் 0ஆவது உறுப்பு அந்த இரண்டாவது வகை. இத்தாலியக் கணிதவியலாளர் பியானோ 1889இல் இயற்கை எண்களுக்கு விதி எழுதியபோது 1இலிருந்துதான் தொடங்கினார், பிறகு 0க்கு மாறினார். கணிதக்காரர்களும் இதில் இன்னும் ஒரு முகமாக இல்லை, ஆகவே உங்கள் லெக்சரரில் கோபிக்க வேண்டாம்.

ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். கிறிஸ்துவுக்கு முன் 1ஆம் ஆண்டுக்கு அடுத்தது கிறிஸ்துவுக்குப் பின் 1ஆம் ஆண்டு. நடுவில் 0 இல்லை. கி.மு. 5 தை மாதத்தில் பிறந்தவர் கி.பி. 5 தை மாதத்தில் ஒன்பது வயதுக்காரர், பத்து இல்லை. வானியலாளருக்கு இது ஒத்துவரவில்லை, அவர்கள் ஒரு 0ஆம் ஆண்டைச் சேர்த்துக்கொண்டார்கள்.

துறைமுக வீதி

மிஸ் சொன்ன "அளக்கத் தொடங்கிய இடம்" கடல்காரருக்கு நன்றாகத் தெரிந்த விடயம். கடல் வரைபடத்தில் ஆழம் என்று போட்டிருக்கும் எண்கள் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளந்தவை இல்லை. வற்று நேரத்தில் நீர் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்று சொல்லக்கூடிய ஒரு தாழ்ந்த மட்டத்தை 0 என்று எடுத்துக்கொண்டு அதிலிருந்து கீழே அளக்கிறார்கள். பாலத்தின் கீழ் எவ்வளவு உயரம் உண்டு என்பதை ஒரு உயர்ந்த நீர்மட்டத்திலிருந்து மேலே அளப்பார்கள். ஒரே தாளில் இரண்டு பூச்சியம்! இரண்டும் கப்பல் தப்ப வேண்டும் என்ற பக்கமாகச் சாய்ந்தவை. எங்கள் துறைமுகத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை, அதனால் இங்கே யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. பெருக்கு உயரமாக வரும் நாடுகளில் இதை மறந்தால் கப்பல் தரை தட்டும்.

நிலாவெளி நிரல்

அருமை. கணினியின் நேரமும் அப்படித்தான். யுனிக்ஸ் 1970 ஜனவரி 1, கிரீனிச் நள்ளிரவை 0 என்று வைத்து விநாடிகளை எண்ணுகிறது. ஏதாவது ஒரு செயலியில் "1970 ஜனவரி 1, காலை 5.30" என்று திகதி வந்தால் யாரும் அன்று விடியக்காலையில் எழும்பி வேலை செய்யவில்லை. திகதி நிரப்பப்படாமல் 0 ஆக இருந்திருக்கிறது, நம் நாட்டு நேரத்துக்காக ஐந்தரை மணி கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

கோணேசபுரி பெஞ்ச்

மிஸ், அப்படியே இதையும் கேட்கிறேன். பூச்சியத்தால் வகுத்தால் முடிவிலி என்று ரியூஷனில் ஒரு சேர் சொன்னார். பைதன் பிழை என்கிறது. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டில் போட்டால் முடிவிலி என்றே வருகிறது. யார் சரி?

கணக்கு மிஸ்

6ஐ 2ஆல் வகுத்தால் 3 என்பதன் பொருள், 2ஐ எதனால் பெருக்கினால் 6 வரும் என்பதற்கு 3 விடை. 6ஐ 0ஆல் வகுப்பதென்றால் 0ஐ எதனால் பெருக்கினால் 6 வரும்? எதுவும் இல்லை. 0ஐ 0ஆல் வகுத்தால்? எந்த எண்ணைப் போட்டாலும் வரும். முதலாவதுக்கு விடையே இல்லை, இரண்டாவதுக்கு விடை அளவுக்கு மிஞ்சி. இரண்டையும் "வரையறுக்கப்படவில்லை" என்று ஒரே பையில் போடுகிறோம், ஆனால் காரணம் வேறு வேறு.

பெரிய ஆட்களே இதில் திண்டாடியிருக்கிறார்கள். பிரம்மகுப்தர் 628இல் பூச்சியத்தை ஒரு எண்ணாகவே எடுத்து, கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளைச் சரியாக எழுதினார். 0ஐ 0ஆல் வகுத்தால் 0 என்றும் எழுதிவிட்டார். அது இன்று நிற்காது. ஐந்நூறு ஆண்டு கழித்து வந்த இரண்டாம் பாஸ்கரர் ஒரு எண்ணை 0ஆல் வகுத்தால் முடிவில்லாதது என்றார். உங்கள் ரியூஷன் சேர் அவருடைய கட்சி போலிருக்கிறது. ஆனால் மிகச் சிறிய நேர் எண்ணால் வகுத்துக்கொண்டு போனால் விடை மேலே ஏறும், மிகச் சிறிய மறை எண்ணால் வகுத்தால் கீழே இறங்கும். 0இல் எந்தப் பக்கம் போவது? ஆகவே சாதாரண எண்களில் அதற்கு விடை வைப்பதில்லை.

நிலாவெளி நிரல்

கணினிக்காரர்கள் அந்த "எந்தப் பக்கம்" கேள்விக்கு ஒரு குறுக்கு வழி கண்டார்கள் மிஸ். 1985இல் வந்த, மிதவைப் புள்ளி எண்களுக்கான (கணினி பின்ன எண்களை வைத்துக்கொள்ளும் முறை) ஐஇஇஇ 754 நியமத்தில் இரண்டு பூச்சியம் உண்டு: +0, −0. ஒப்பிட்டால் இரண்டும் சமம். ஆனால் 1ஐ +0ஆல் வகுத்தால் +முடிவிலி, −0ஆல் வகுத்தால் −முடிவிலி. 0ஐ 0ஆல் வகுத்தால் "எண் அல்ல" என்று ஒரு தனிப் பெறுமதி. அது தனக்குத் தானே சமமில்லை! ஜாவாஸ்கிரிப்ட் இந்த நியமத்தை அப்படியே பின்பற்றுகிறது. பைதன் அதற்கு முன்பே நின்று பிழை எறிகிறது.

முழு எண்களில் கதை வேறு. இன்டெல் சில்லில் முழு எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் சில் தடுத்து நிறுத்தும், நிரல் விழும். 64 பிட் ஆர்ம் சில்லில், அதாவது உங்கள் கையில் உள்ள போனில், சில் சத்தமில்லாமல் 0 என்று விடை கொடுத்துவிட்டுப் போகும். அதனால்தான் சி மொழி "இதன் விளைவு என்னவென்று நான் சொல்லமாட்டேன்" என்று கையை விரிக்கிறது.

துறைமுக வீதி

கடற்படைக்காரருக்கு இது தெரிந்த கதை. யோர்க்டவுன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், 1997 செப்டம்பர், வேர்ஜினியாக் கரைக்கு வெளியே. கப்பலைக் கணினிகளால் நடத்திப் பார்க்கும் சோதனைத் திட்டத்தில் இருந்தது. ஒருவர் தரவுத்தளத்தின் ஒரு கட்டத்தில் 0 அடித்தார். அதனால் எங்கேயோ ஒரு வகுத்தல் நடந்தது, தரவுத்தள நிரல் விழுந்தது, அதோடு இயந்திரக் கட்டுப்பாடும் விழுந்தது. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம் அந்தப் பெரிய கப்பல் கடலில் சும்மா நின்றது.

தம்பலகாமம் வயல்

அந்தக் கட்டத்தில் 0 போடவே விடாமல் செய்திருந்தால் போதுமே, இவ்வளவுக்கும்.

கிண்ணியா நெட்

ஓம், அதுதான் விடயம். 0ஐக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சரி, 0.0.0.0க்கு வருகிறேன். வாசன், ஒன்று இல்லை. குறைந்தது மூன்று ஆட்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

உங்கள் போன் வைஃபையில் புதிதாகச் சேரும்போது அதற்கு முகவரி கிடையாது. முகவரி கேட்பதற்கு ஒரு பொதி (தரவுத் துண்டு) அனுப்ப வேண்டும், பொதியில் அனுப்புநர் இடம் காலியாக இருக்க முடியாது. அங்கே 0.0.0.0 என்று போட்டு 255.255.255.255க்கு, எல்லோருக்கும் கேட்கும்படி அனுப்புகிறது. இந்த இடத்தில் அதன் பொருள் "எனக்கு இன்னும் முகவரி இல்லை".

சர்வர் செட்டிங்கில் கேட்கும் முகவரி 0.0.0.0 என்றிருந்தால் "இந்த மெஷினின் எந்த முகவரிக்கு வந்தாலும் எடுப்பேன்" என்று பொருள். கேபிள் வழியாக வந்தாலும் வைஃபை வழியாக வந்தாலும் சரி. 127.0.0.1 என்றால் மெஷினுக்குள்ளேயிருந்து வருவதை மட்டும். தரவுத்தளத்தை 0.0.0.0இல் திறந்துவிட்டுத் தீச்சுவரும் (ஃபயர்வோல்) போடாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். "லோக்கல்தானே" என்பார்கள். லோக்கல் இல்லை ஐயா, எல்லா வாசலும் திறந்து கிடக்கிறது.

மூன்றாவது, ரவுட்டரில் உள்ள 0.0.0.0/0. இங்கே வேலை செய்வது சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள பூச்சியம். பொதியின் முகவரியில் முதல் எத்தனை பிட் (0 அல்லது 1 என்ற இரும இலக்கம்) ஒத்துப்போக வேண்டும் என்பது அந்த எண். /24 என்றால் இருபத்துநான்கு பிட் ஒத்துப்போக வேண்டும். /0 என்றால் எதுவுமே ஒத்துப்போகத் தேவையில்லை, ஆகவே உலகத்து முகவரி எல்லாம் அதற்குள் அடங்கும். ரவுட்டர் எப்போதும் அதிக பிட் ஒத்துப்போகிற வழியைத்தான் எடுக்கும், அதனால் /0க்கு முறை கடைசியில்தான் வரும். வேறு வழி தெரியாத பொதியெல்லாம் அதில் போகும். ஐபி ஆறாம் பதிப்பில் இதையே ::/0 என்று எழுதுவார்கள்.

சிஸ்கோ ரவுட்டர்களில் அணுகல் பட்டியல் (எந்தப் பொதியை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகள்) எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே வரும் மறுதலை முகமூடியில் 0 என்றால் "இந்த பிட் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும்". சாதாரண சப்நெட் முகமூடியில் 0 என்றால் "கவலை இல்லை". நேர் எதிர். இதில் தடுமாறாதவரை நான் இன்னும் காணவில்லை.

இன்னொரு கட்டுக்கதை: ".0 என்று முடியும் முகவரியை எந்த மெஷினுக்கும் கொடுக்க முடியாது". /24இல் சரிதான், அது வலையமைப்பின் பெயர். ஆனால் 192.168.0.0/23 என்று வைத்தால் 192.168.1.0 நடுவில் கிடக்கும் சாதாரண முகவரி. தாராளமாகக் கொடுக்கலாம்.

கணக்கு மிஸ்

நெட் தம்பி எழுதியதில் /0 எனக்கு மிகவும் பிடித்தது. "நிபந்தனை எதுவும் இல்லை, ஆகவே எல்லாம் பொருந்தும்." கணிதத்தில் இதே யோசனை பல இடத்தில் வரும், பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அதைப் புதிய விதியென்று மனப்பாடம் செய்வார்கள்.

0 காரணியம் (0!) ஏன் 1? ஒன்றுமில்லாத பொருள்களை வரிசைப்படுத்த எத்தனை வழி? ஒன்று, சும்மா விடுவது. இன்னொரு விதமாகப் பார்த்தால், எந்த எண்ணையும் பெருக்காமல் விட்ட பெருக்கத்தின் பெறுமதி 1ஆக இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்ததாக ஒரு 5ஐப் பெருக்கினால் 5 வரும். 0ஆக வைத்தால் அதற்குமேல் எதைப் பெருக்கினாலும் 0தான். எதையும் கூட்டாத கூட்டுத்தொகை 0. இரண்டும் அந்தந்தச் செய்கையைக் குழப்பாத எண்கள். 2இன் அடுக்கு 0 ஏன் 1 என்பதும் இதுவே. 0இன் அடுக்கு 0 என்று கேட்டால், எண்ணுகிற கணிதத்தில் 1 என்று எடுப்பதுதான் வசதி, எல்லை காணும் இடத்தில் மட்டும் கவனம் தேவை.

கோணேசபுரி பெஞ்ச்

மிஸ், சோதித்துப் பார்த்தேன். பைதனில் 0இன் அடுக்கு 0 போட்டால் 1 வருகிறது. வெறும் பட்டியலின் கூட்டுத்தொகை 0. "இதிலுள்ள எல்லாம் உண்மையா?" என்று வெறும் பட்டியலைக் கேட்டால் "உண்மை" என்கிறது! முன்பு இதைப் பிழை என்று நினைத்திருப்பேன். ரவுட்டரின் /0தான் இது.

நிலாவெளி நிரல்

பிடித்துவிட்டீர்கள். ஆனால் உண்மை பொய் என்று வந்தால் பூச்சியம் இன்னொரு கூத்தாடும். சி, பைதன், ஜாவாஸ்கிரிப்டில் 0 என்றால் பொய். ரூபியில் 0 உண்மை. யுனிக்ஸில் நிரல் முடியும்போது 0 திருப்பினால் வெற்றி. வெற்றி ஒரே விதம், தோல்வி பல விதம், ஆகவே 0ஐ வெற்றிக்குக் கொடுத்துவிட்டு மற்ற எண்களைத் தோல்விக் காரணங்களுக்கு வைத்தார்கள். நியாயம்தான்.

இதனால் வந்த ஒரு வழு: அறை பதிவு செய்யும் ஒரு பக்கத்தில் "பிள்ளைகள் எத்தனை பேர்" என்ற கட்டத்தில் 0 போட்டால் அது 1 ஆகிவிடும். எழுதியவர் "பெறுமதி இல்லையென்றால் 1 என்று எடு" என்று நினைத்து எழுதியது, "பெறுமதி பொய்யென்றால் 1 என்று எடு" என்று வேலை செய்தது. 0ஐ வாடிக்கையாளர் தானே கைப்பட அடித்திருந்தார். 2020இல் ஜாவாஸ்கிரிப்டில் இரட்டைக் கேள்விக்குறி அடையாளம் இதற்காகவே வந்தது. உண்மையிலேயே பெறுமதி இல்லாதபோது மட்டும் மாற்றுப் பெறுமதியை எடுக்கும், 0ஐத் தொடாது.

கணக்கு மிஸ்

இது புள்ளித்தாளில் எங்களுக்கும் உள்ள வழக்கு. பரீட்சைக்கு வந்து 0 எடுத்த பிள்ளைக்கு 0 போடுவோம், வராத பிள்ளைக்கு "வரவில்லை". வகுப்புச் சராசரி எடுக்கும்போது வராத பிள்ளையை 0 என்று சேர்த்தால் சராசரி அநியாயமாக விழும்.

நிலாவெளி நிரல்

எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அதற்கு 'நல்' என்று பெயர். சராசரி எடுக்கும்போது அது தானாக 'நல்'ஐத் தவிர்த்துவிடும், 0ஐச் சேர்க்கும். "தெரியாது" என்பதற்காக வைத்தது என்பதால் ஒரு 'நல்' இன்னொரு 'நல்'லுக்குச் சமமா என்று கேட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. நிரல் மொழிகளில் வரும் வெற்றுச் சுட்டி (எதையும் சுட்டாத சுட்டி) இதன் உறவுக்காரன், ஆனால் ஆபத்தானவன். 1965இல் அல்கோல் டபிள்யூவில் அதைச் சேர்த்த டோனி ஹோர், 2009இல் அதைத் தன் நூறு கோடி டாலர் பிழை என்றே சொன்னார்.

கிண்ணியா நெட்

0ஐயும் "சொல்லவில்லை" என்பதையும் பிரிக்கிற விடயத்தில் நெட்வேர்க்கில் ஒரு பழைய கெட்டித்தனம் உண்டு. யூடிபி என்ற அனுப்பும் முறையின் பொதியில், வழியில் பழுதாகியதா என்று பார்க்கும் சரிபார்ப்புத் தொகைக்குப் பதினாறு பிட் இடம். 1980இல் வந்த அதன் விதியில், அந்த இடத்தில் 0 இருந்தால் "அனுப்பியவர் தொகையைக் கணக்கிடவே இல்லை" என்று பொருள். அப்படியென்றால் உண்மையிலேயே கணக்கிட்டு 0 வந்தால் என்ன செய்வது? அந்தக் கூட்டல் ஒன்றின் நிரப்பி முறையில் (எல்லா பிட்டையும் புரட்டினால் மறை எண் வரும் முறை) நடப்பது. அதில் பூச்சியத்துக்கு இரண்டு உருவம்: பதினாறும் 0, அல்லது பதினாறும் 1. ஆகவே உண்மைப் பூச்சியம் வந்தால் பதினாறு ஒன்றுகளாக எழுதி அனுப்பு என்றார்கள். கணக்கு மாறாது, பொருள் மட்டும் பிரிந்துவிடும். நிரல் தம்பி சொன்ன +0, −0ஐ நெட்வேர்க்காரர் அதற்கு ஐந்து வருடம் முன்பே வேலைக்கு வைத்துவிட்டார்கள்.

மற்றவை சுருக்கமாக: பொதி இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்ற எண்ணான டிடிஎல் 0 ஆனால் ரவுட்டர் பொதியை எறிந்துவிட்டுச் செய்தி அனுப்பும், டிரேஸ்ரூட் அதை வைத்தே வழியைக் காண்கிறது. டிசிபியில் சாளரம் 0 என்றால் "இப்போது அனுப்பாதே, என்னிடம் இடமில்லை". போர்ட் 0 கேட்டால் "எதையாவது நீயே கொடு" என்று இயங்குதளத்திடம் விட்டுவிடுகிறீர்கள்.

தம்பலகாமம் வயல்

எல்லாம் சரி, எங்கள் பழைய தமிழ் எண்களில் பூச்சியமே இல்லை என்று எங்கோ கேட்டேன். உண்மையா மிஸ்?

கணக்கு மிஸ்

பழைய முறையில் அது தேவைப்படவில்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. 2345ஐ ௨௲௩௱௪௰௫ என்று எழுதுவார்கள். 2005ஐ ௨௲௫ என்று எழுதினால் முடிந்தது, நடுவில் இடத்தைப் பிடித்து வைக்க எதுவும் வேண்டாம். இடப்பெறுமானம் உள்ள முறையில்தான் காலி இடத்துக்கு ஒரு ஆள் தேவை. ௦ என்ற குறி பிறகு சேர்ந்தது.

கோணேசபுரி பெஞ்ச்

யூனிகோடிலும் (கணினிகளுக்கான பொது எழுத்துப் பட்டியல்) அப்படித்தான் நடந்திருக்கிறது. மற்றத் தமிழ் இலக்கங்கள் முன்பே இருந்தன, ௦ மட்டும் 2005இல் 4.1 பதிப்பில் சேர்ந்தது. பைதனிடம் ௧௦ என்ற எழுத்துகளை முழு எண்ணாக மாற்றச் சொன்னேன், கேள்வி கேட்காமல் 10 என்றது. ௰ஐக் கொடுத்தால் பிழை. அதற்கு எண் பெறுமதி பத்து என்று தெரிந்திருக்கிறது, ஆனால் அதை ஒரு இலக்கமாக ஏற்கவில்லை.

நிலாவெளி நிரல்

பிரவுசரில் அதே ௧௦ஐப் போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் "எண் அல்ல" என்கிறது, இப்போதுதான் பார்த்தேன். அதாவது சர்வரில் பைதன், முன்னால் ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பைதனின் வடிவத் தேடலில் "ஏதாவது ஒரு இலக்கம்" என்று கேட்டால் தமிழ் இலக்கமும் அதில் அடங்கும், ஜாவாஸ்கிரிப்டில் 0 முதல் 9 வரை மட்டும்தான். பிரவுசரைத் தாண்டி நேரே சர்வருக்கு அனுப்புகிறவர் ௦௨௬ என்று ஒரு தொலைபேசி எண்ணைத் தரவுத்தளத்துக்குள் ஏற்றிவிடலாம்.

கிண்ணியா நெட்

ஏற்றிவிட்டால் தேடும்போது கிடைக்காது, 026க்கும் ௦௨௬க்கும் எழுத்து வேறு. சர்வரில் "இலக்கம்" என்று விடாமல் 0 முதல் 9 என்றே வெளிப்படையாக எழுதிச் சோதியுங்கள். தமிழ் இலக்கத்தில் அடிக்கிறவர்களையும் வரவேற்க வேண்டுமென்றால் முதலில் மாற்றிவிட்டுப் பிறகு சேமியுங்கள்.